24 போர்டுக்கும் ஒரே சாவி: திருத்திய கதை

போர்டின் ஃபிளாஷ் நினைவகம் முழுவதையும் படித்து எடுக்க ஒன்றரை நிமிடம்தான் ஆனது. 4 எம்பி, விநாடிக்கு 4,60,800 பிட் வேகம், கணக்குப் போட்டாலும் அவ்வளவுதான் வரும். தண்ணீர்த் தொட்டியின் மட்டத்தை அளக்க நான் செய்து, என் மேசையில் கிடந்த போர்டு ஒன்றை நண்பன் எடுத்துத் தன் லேப்டாப்பில் செருகினான், எஸ்பிடூல் என்ற மென்பொருள் கொண்டு நகல் எடுத்தான், அதிலிருந்து எழுத்தாகப் படிக்க முடிகிற துண்டுகளை மட்டும் வடிகட்டினான். மூன்றாவது திரையிலேயே வைஃபை பெயர், அதன் கடவுச்சொல், அடுத்து போர்டுகள் செய்தி அனுப்பும் எம்கியூடிடி சர்வரின் பயனர் பெயர், கடவுச்சொல் என்று எல்லாம் வரிசை கட்டி நின்றன.

"எத்தனை போர்டு செஞ்சிருக்க?"

"24."

"எல்லாத்துலயும் இதே கடவுச்சொல்தானா?"

"ஆமா."

"அப்ப நீ செஞ்சது 24 பூட்டு இல்லடா. ஒரே பூட்டு, அதுக்கு 24 சாவி. அதையும் மொட்டைமாடி மொட்டைமாடியா தொங்க விட்டிருக்க."

ஒரு குடியிருப்பு வளாகத்தின் தண்ணீர்த் தொட்டிகளுக்காகச் செய்த கருவி அது. ஈஎஸ்பி32-சி3 சிப், மேலே ஒரு மீயொலி உணரி, ஒரு பேட்டரி. நீர்மட்டத்தை அளந்து சர்வருக்கு அனுப்பும். அதே சர்வரில்தான் மோட்டாரை இயக்கும் ரிலேவும் இருந்தது. அந்தக் கடவுச்சொல் கையில் இருக்கிற எவரும் எல்லாத் தொட்டியின் மட்டத்தையும் பார்க்கலாம், பொய் மட்டம் அனுப்பலாம், நடுராத்திரியில் மோட்டாரைப் போட்டுவிட்டும் போகலாம். 2016இல் மிராய் என்ற தீநிரல் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது பெரிய வித்தை எதுவும் காட்டி அல்ல. தயாரிப்பாளர்கள் போட்டு அனுப்பிய அறுபது சொச்சம் பயனர் பெயர், கடவுச்சொல் ஜோடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது, அவ்வளவுதான். அதைப் படித்துத் தலையாட்டியவன்தான் நானும்.

சரி, திருத்துவோம் என்று உட்கார்ந்தேன். ஒரு வார இறுதியில் முடியும் என்று நினைத்தது ஐந்து வாரம் இழுத்தது. அதில் குறியாக்கக் கணிதத்துக்குப் போனது ஒரு நாள்கூட இருக்காது.

சாவி எங்கே பிறக்க வேண்டும்

முதலில் தோன்றிய வழி, லேப்டாப்பில் 24 சாவி உருவாக்கி ஆளுக்கொன்றாகப் போர்டுகளில் ஏற்றுவது. வேலை செய்யும். ஆனால் அந்த 24 சாவியும் என் லேப்டாப்பில் கோப்பாகக் கிடக்கும், தானாக ஓடும் பேக்கப்பில் போய் உட்காரும், டெர்மினலின் பழைய கட்டளைகளில் எட்டிப் பார்க்கும். ஏற்றி முடித்ததும் அழித்துவிடுவேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளலாம். என்னை எனக்குத் தெரியும்.

இரண்டாவது வழி, ஒரே ஒரு தாய்ச்சாவி, அதோடு ஒவ்வொரு போர்டின் எண்ணையும் சேர்த்து ஹெச்கேடிஎஃப் முறையில் தனித்தனிச் சாவிகளைப் பெறுவது. ஆர்எஃப்சி 5869 என்ற இணைய ஆவணத்தில் 2010இல் வந்த முறை, சுத்தமான முறை. தாய்ச்சாவி சர்வரில் மட்டும் இருந்தால் பரவாயில்லை. ஆனால் நான் முதலில் எழுதிய நிரலில் போர்டே தன் சாவியைக் கணக்கிட்டுக்கொள்ளட்டும் என்று தாய்ச்சாவியை, போர்டில் ஓடும் நிரலான ஃபர்ம்வேருக்குள்ளேயே வைத்திருந்தேன். பழைய குற்றத்துக்குப் புதுச் சட்டை. ஒரு போர்டைத் திறந்தால் 24ம் போச்சு. அன்று சாயங்காலமே அழித்துவிட்டேன்.

மூன்றாவது வழி, சாவி போர்டுக்குள்ளேயே பிறந்து அங்கேயே சாவது. போர்டு தனக்கென்று ஒரு ஜோடி உருவாக்கிக்கொள்ளும். தனிச் சாவி 32 பைட், அது வெளியே வராது. பொதுச் சாவி 65 பைட், அது மட்டும் வெளியே வரும். அதை நான் கையொப்பமிட்டுச் சான்றிதழாகத் திருப்பிக் கொடுப்பேன். என் லேப்டாப் திருடுபோனாலும் அதில் 24 பொதுச் சாவிகள்தான் இருக்கும். அதை வைத்துக்கொண்டு யாரும் எதுவும் செய்ய முடியாது. பி-256 என்ற நீள்வட்ட வளைவு முறையை எடுத்துக்கொண்டேன், அந்தச் சிப்புக்கு ஆர்எஸ்ஏ என்ற பழைய முறையை விட இதில் சாவி உருவாக்குவது மிக வேகம்.

முதல் சறுக்கல் இங்கேதான். நிரல் தொடங்கியதும் முதல் வேலையாகச் சாவியை உருவாக்கச் சொல்லியிருந்தேன். 24 போர்டிலும் 24 விதமான சாவி வந்தது. பார்க்க அழகாக இருந்தது. பிறகுதான் சிப்பின் ஆவணத்தைப் பொறுமையாகப் படித்தேன். உள்ளே தற்செயல் எண் தரும் வன்பொருள் உண்டு. ஆனால் வைஃபையோ புளூடூத்தோ ஓடிக்கொண்டிருந்தால், அல்லது அனலாக் அளவைப் பகுதியின் இரைச்சலை அதற்கென்று தனியாகத் திறந்துவிட்டிருந்தால்தான் அது தருவது நிஜமான தற்செயல் எண். இரண்டும் இல்லாதபோது வருவதைப் போலித் தற்செயல் எண் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். என் நிரல் வைஃபையை எழுப்பும் முன்பே சாவியைப் பெற்றுவிட்டிருந்தது.

24ம் வேறு வேறாக இருக்கிறதே, போதாதா என்றால், போதாது. வேறாக இருப்பது வேறு, ஊகிக்க முடியாமல் இருப்பது வேறு. 2012இல் இணையத்தில் கிடைத்த லட்சக்கணக்கான பொதுச் சாவிகளை ஆராய்ந்தவர்கள், ரவுட்டர் மாதிரியான சிறு கருவிகள் பூட் ஆன சூட்டோடு சாவி உருவாக்கியதால் ஆர்எஸ்ஏ சாவிக்கு அடிப்படையான இரண்டு பகா எண்களில் ஒன்று இன்னொரு கருவியின் சாவியிலும் இருந்ததைக் கண்டார்கள். இரண்டு சாவிகளுக்கு மீப்பெரு பொது வகுத்தி கண்டால் போதும், இரண்டும் உடைந்துவிடும். பள்ளிக்கூடக் கணக்கு.

24 சாவியையும் தூக்கிப் போட்டேன். இரைச்சல் மூலத்தைத் திறந்து, சாவி உருவாக்கி, மேலே போகும்படி மாற்றினேன். மறுநாள் பேட்டரி அளவு கன்னாபின்னாவென்று வந்தது. ஒரு போர்டில் பேட்டரி தீர்ந்தே போய்விட்டது, அடுத்த நிமிடம் முழுசாக இருந்தது. பேட்டரியை மாற்றினேன், ஒயரை மாற்றினேன், மின்தடையைக்கூட மாற்றிப் பார்த்தேன். கடைசியில் பார்த்தால், இரைச்சலுக்காகத் திறந்த அனலாக் பகுதியை நான் மூடவே இல்லை. பேட்டரியை அளப்பதும் அதே பகுதிதான். ஒரு வரி சேர்த்ததும் சரியானது. அந்த ஒரு வரிக்காக இரண்டு இரவு.

பெஞ்சில்

பெஞ்ச் என்று பெருமையாகச் சொல்கிறேன். ஒரு மேசை, இணையத்தில் சேர்க்காத ஒரு பழைய லேப்டாப், ஒரு யுஎஸ்பி கேபிள், ஒரு லேபிள் பிரிண்டர். முறை இப்படி: போர்டைச் செருகினால் அது சாவி உருவாக்கி, சான்றிதழ் கோரிக்கை ஒன்றை சீரியல் வழியாக அனுப்பும். அந்தக் கோரிக்கையில் பொதுச் சாவியும் போர்டின் எண்ணும் இருக்கும், தனிச் சாவியால் போட்ட கையொப்பமும் இருக்கும். அந்தக் கையொப்பத்தைச் சரிபார்த்தாலே, இந்தப் பொதுச் சாவியின் மறுபாதி இந்தப் போர்டிடம் இருக்கிறது என்பது உறுதி. லேப்டாப் தன் இடைநிலைச் சாவியால் கையொப்பமிட்டுச் சான்றிதழைத் திருப்பி அனுப்பும். இடைநிலைச் சாவிக்கே சான்று தரும் மூலச் சாவி அந்த லேப்டாப்பில் இல்லை. ஒரு யுஎஸ்பி குச்சியில், இழுப்பறைக்குள். இடைநிலைச் சாவிக்கு ஒரு கையொப்பம் போட ஒருமுறை வெளியே வந்தது, அதோடு சரி.

ஐந்தில் ஒரு கோரிக்கை உடைந்து வந்தது. கையொப்பம் தப்பு என்றுகூட இல்லை, கோரிக்கையே படிக்க முடியவில்லை என்று பிழை. கேபிளைச் சந்தேகித்தேன், வேகத்தைக் குறைத்தேன். பிறகு வந்ததை அப்படியே திரையில் கொட்டிப் பார்த்தால், கோரிக்கையின் நான்காவது வரிக்கு நடுவில் "வைஃபை இணைந்தது" என்ற பதிவு வரி சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. ஒரே சீரியல் வழியில் இரண்டு பேரும் பேசினால் வேறென்ன நடக்கும். பெஞ்ச் நிலையில் மற்றப் பதிவுகளை வாயடைத்துவிட்டு, கோரிக்கைக்கு முன்னும் பின்னும் அடையாளக் குறி வைத்து, நீளத்தையும் சரிபார்ப்பு எண்ணையும் சேர்த்து அனுப்பும்படி மாற்றினேன்.

நேரமும் ஒருமுறை காலை வாரியது. இணையத்தில் இல்லாத லேப்டாப்பின் கடிகாரம் ஏழு நிமிடம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் புதிதாகப் பிறந்த போர்டுகள் முதல் ஏழு நிமிடம் சர்வரிடம் போய், இந்தச் சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லையே என்று விரட்டப்பட்டன. எட்டாவது நிமிடத்தில் தானாகச் சரியாயின. இப்படித் தானாகச் சரியாகும் கோளாறுதான் ஆளைக் கொல்லும். இப்போது சான்றிதழின் தொடக்க நேரத்தை ஒரு நாள் முந்தையதாகப் போடுகிறேன். போர்டுக்கும் கடிகாரத் தொல்லை உண்டு: மின்சாரம் போய் வந்தால் அதற்கு 1970 ஜனவரி 1. சர்வரின் சான்றிதழ் காலாவதியானதா என்று அது எப்படிப் பார்க்கும்? பெஞ்சிலேயே அன்றைய தேதியைப் போர்டில் எழுதிவைக்கிறேன். அதற்கு முந்தைய தேதியை யார் சொன்னாலும் நம்பாதே என்பது விதி.

சான்றிதழை இரண்டாகப் பிரித்ததுதான் இந்த வேலையில் நான் எடுத்த ஒரே நல்ல முடிவு. யோசனை என்னுடையதல்ல. 802.1ஏஆர் என்ற ஐஇஇஇ தரநிலை 2009இலேயே சொன்னது: கருவி பிறக்கும்போது பெறும் அடையாளம் ஒன்று, அது மாறாது; பயன்படுத்தும் இடத்தில் பெறும் அடையாளம் இன்னொன்று, அதை வேண்டும்போது மாற்றலாம். பெஞ்சில் நான் கொடுப்பது பிறப்புச் சான்றிதழ். அதை வைத்து எம்கியூடிடி சர்வருக்குள் நுழைய முடியாது. பதிவு வாசல் ஒன்றில் போய் நின்று, நான்தான் இன்னார், எனக்கு வேலைச் சான்றிதழ் வேண்டும் என்று கேட்க மட்டும்தான் முடியும். வேலைச் சான்றிதழுக்குப் போர்டு இன்னொரு புதுச் சாவி உருவாக்கிக்கொள்ளும். ஆயுள் 90 நாள். பிறப்புச் சான்றிதழின் காலாவதி 9999 டிசம்பர் 31; காலாவதி இல்லை என்று சொல்ல, சான்றிதழ்களுக்கான எக்ஸ்.509 விதியில் இருக்கிற வழி அதுதான்.

மேகச் சேவைகளில் இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. எல்லாக் கருவியிலும் ஒரே உரிமைகோரல் சான்றிதழை வைத்து அனுப்பிவிட்டு, முதல் இணைப்பின்போது அதைக் காட்டித் தனிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளச் செய்வது. பெஞ்ச் வேலை பாதியாகும். ஆனால் அந்தப் பொதுச் சான்றிதழ் ஒன்று கசிந்தால், யார் வேண்டுமானாலும் நானும் உங்கள் கருவிதான் என்று வரிசையில் வந்து நிற்கலாம். சர்வர் பக்கம் எண்ணை ஒப்பிட்டு வடிகட்டாவிட்டால் உள்ளேயும் வந்துவிடலாம். ஆயிரக்கணக்கில் செய்பவர்கள் அதை எடுத்துக்கொள்ளலாம். 24க்கு வேண்டாம்.

ஒருவழிப் பாதை

தனிச் சாவி போர்டுக்குள்ளே இருந்தால் மட்டும் போதாது, ஃபிளாஷைப் படிப்பவன் கண்ணில் படவும் கூடாது. ஃபிளாஷ் குறியாக்கத்தைப் போட்டேன். நண்பனைக் கூப்பிட்டு, இப்போது எடுத்துப் பார் என்றேன். எடுத்தான். நிரல் இருந்த பகுதி முழுக்க மணலைக் கொட்டினதுபோல் இருந்தது. கொஞ்சம் கீழே போனான். வைஃபை கடவுச்சொல், பழையபடி, பளிச்சென்று.

"இது என்னடா?"

அமைப்புகளைச் சேமிக்கும் என்விஎஸ் பகுதி அது. ஃபிளாஷ் குறியாக்கம் அதைத் தொடாது. அதற்கென்று தனிக் குறியாக்கம் உண்டு, அந்தச் சாவியை வைக்கத் தனியாக ஒரு சிறு பகுதியும் ஒதுக்க வேண்டும். ஒதுக்காததால் ஒரு நாள் பிழை வந்தது, தொல்லை என்று அந்த வசதியையே அணைத்துவைத்தது நான்தான். என் தனிச் சாவி இருந்ததும் அதே பகுதியில். ஆக, வீட்டைப் பூட்டிச் சாவியை நிலைப்படி மேலே வைத்திருக்கிறேன். அதன்பிறகு வரிசையை மாற்றினேன்: முதலில் ஃபிளாஷ் குறியாக்கம், பிறகு என்விஎஸ் குறியாக்கம், இரண்டும் ஓடுகிறதென்று போர்டே உறுதி சொன்ன பிறகுதான் சாவி பிறக்கும்.

போர்டு முதல்முறை பூட் ஆகும்போது ஃபிளாஷ் தன்னைத்தானே குறியாக்கிக்கொள்ள ஒரு நிமிடம் வரை ஆகும். அந்த நேரத்தில் கேபிளில் கைபட்டு மின்சாரம் போனால் ஃபிளாஷ் குழம்பிவிடும். எனக்கு இரண்டு முறை நடந்தது. நல்லவேளையாகக் குறியாக்கம் முடிந்ததற்கான ஃபியூஸ் கடைசியில்தான் எரிகிறது; மறுபடி சாதாரணமாக ஏற்றினால் உயிர்த்தது. ஆட்டம் காட்டிய அந்த கேபிளை மட்டும் வெட்டிப் போட்டேன், மறுபடி எடுத்துப் பயன்படுத்திவிடுவேன் என்ற பயத்தில்.

மீளாமல் போனது ஒரு போர்டு. அதன் கதை இது. சிப்புக்குள் இஃபியூஸ் என்று எரிக்கும் பிட்டுகள் இருக்கின்றன. 0 என்பதை 1 ஆக்கலாம். 1 என்பது சிப் இருக்கும் வரை 1 தான். சி3யில் சாவி வைக்க 256 பிட் அளவில் ஆறு அறைகள். நான் கையொப்பமிட்ட ஃபர்ம்வேரை மட்டும் ஓட்டு என்று சொல்லும் செக்யூர் பூட் வசதிக்கு, கையொப்பச் சாவியின் சுருக்கத்தை, அதாவது ஹேஷை, அதில் ஓர் அறையில் எரிக்க வேண்டும். எரித்தேன், சரியாகத்தான். ஆனால் ஸ்கிரிப்ட் பார்த்துக்கொண்டிருந்தது சோதனைக் கோப்புறையை. சோதனைச் சாவியின் சுருக்கம் ஏறிவிட்டது, மற்ற அறைகளும் மூடிவிட்டன. சரி, அந்தச் சோதனைச் சாவியை வைத்தாவது ஃபர்ம்வேரைக் கையொப்பமிடலாம் என்றால், இடம் அடைக்கிறதென்று முந்தின நாள்தான் அதை அழித்திருந்தேன். அந்தப் போர்டு இன்றும் என் மேசையில் ஓடுகிறது. அன்று ஏற்றிய ஃபர்ம்வேர் மட்டும்தான் அதற்கு இனி எப்போதும். காலியான பாட்டில் ஒன்றின் நீர்மட்டத்தை அளந்துகொண்டிருக்கிறது.

எரிக்கும் கருவியில் பொய்யாக எரித்துப் பார்க்கும் வசதி உண்டு என்பதைப் பிறகுதான் படித்தேன். நிரலிலும் மெய்நிகர் இஃபியூஸ் உண்டு. இப்போது ஸ்கிரிப்ட் முதலில் அதில் ஓடுகிறது, எரிக்கப்போகும் சுருக்கத்தின் முதல் எட்டு எழுத்தைத் திரையில் காட்டுகிறது, அதை நான் கையால் தட்டினால்தான் மேலே போகிறது. "ஆம்" என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு தட்டிவிடுவேன்.

இவ்வளவும் செய்தபிறகு உடைக்கவே முடியாதா என்றால், முடியும். 2019இல் பழைய ஈஎஸ்பி32 சிப்பில் மின்னழுத்தத்தைச் சரியான கணத்தில் தடுமாற வைத்து, இஃபியூஸில் பூட்டிவைத்த சாவிகளையே படித்துக் காட்டினார்கள். சாவியை வெளியே விடாத ஏடிஇசிசி608 போன்ற தனிப் பாதுகாப்புச் சிப் ஒன்றை ஒட்டலாமா என்று இரண்டு போர்டில் முயன்றேன். நன்றாகவே இருந்தது, ஆனால் தொட்டி மட்டத்துக்கு அது அதிகம் என்று விட்டுவிட்டேன். பரிசோதனைக்கூடமும் நேரமும் உள்ளவன் ஒரு போர்டை உடைத்தால் அவனுக்கு ஒரு தொட்டி கிடைக்கும். 24 கிடைக்காது.

லேபிள்

கருவியை நிறுவுபவர் அதற்கு வைஃபை கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டுமே. போர்டு புளூடூத்தில் கூப்பிடும், போனில் இருக்கும் செயலி பேசும். பேசுவது கருவியைக் கையில் வைத்திருப்பவர்தான் என்பதற்கு அடையாளமாக ஒரு ரகசியக் குறியீடு கேட்கும். என் பழைய பதிப்பில் அந்தக் குறியீடு, போர்டின் வன்பொருள் அடையாள எண்ணான மேக் முகவரியின் கடைசி ஆறு எழுத்து. ஒவ்வொரு போர்டுக்கும் வேறு, அச்சடிக்கவும் எளிது, எவ்வளவு புத்திசாலித்தனம் என்று அன்று நினைத்தேன். மேக் முகவரியை அந்தப் போர்டே காற்றில் சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறது. வேலிக்கு ஓணான் சாட்சி.

மாதிரி நிரலில் வரும் குறியீட்டை அப்படியே விட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். வீட்டு ஸ்மார்ட் கருவிகளுக்கான மேட்டர் தரநிலையை எழுதியவர்கள் இந்த மனுஷ சுபாவம் தெரிந்துதான் 12345678, 11111111 போன்ற எண்களை அமைவுக் குறியீடாக வைக்கக் கூடாது என்று விதியிலேயே எழுதிவிட்டார்கள். நீளமும் முக்கியம், சரிபார்க்கும் விதமும் முக்கியம். வைஃபை ரவுட்டர்களில் கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கொடுத்து இணையும் டபிள்யூபிஎஸ் எண் எட்டு இலக்கம். பார்த்தால் பத்துக் கோடி வாய்ப்பு. ஆனால் கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு எண், மீதியையும் பாதி பாதியாகச் சரிபார்த்ததால் 11,000 முயற்சியில் அடங்கிவிட்டது என்று 2011இல் வெளியானது.

என் குறியீடு இப்போது 12 எழுத்து, குழப்பும் எழுத்துகளை நீக்கிய 32 எழுத்துத் தொகுப்பிலிருந்து. ஆக 60 பிட். பூஜ்யமும் ஆங்கில ஓவும், ஒன்றும் ஆங்கில ஐயும் கிடையாது. ஏணியில் நின்றுகொண்டு அதைப் படிக்கப்போவது யார் என்று யோசித்தால் இது புரியும். ஈஎஸ்பியின் அமைவு நூலகத்தில் முதல் வகைப் பாதுகாப்பை விட்டு இரண்டாம் வகைக்கு மாறினேன். அது எஸ்ஆர்பி முறை. குறியீட்டைப் போர்டு வைத்திருக்காது, அதைச் சரிபார்க்கத் தேவையான எண்ணை மட்டும் வைத்திருக்கும். நடுவில் புகுந்து ஒட்டுக்கேட்பவன் உரையாடலை எடுத்துக்கொண்டு போய் வீட்டில் உட்கார்ந்து குறியீட்டை ஊகித்துப் பார்க்கவும் அது இடம் கொடுக்காது.

அச்சடித்தேன், கியூஆரும் குறியீடுமாக. 17வது போர்டில் லேபிள் பிரிண்டர் சிக்கியது. தாளை இழுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். முடித்து, கடைசிப் போர்டைச் சோதித்தால் குறியீடு தப்பு என்றது. 23வதும் தப்பு. 22வதும். சிக்கின லேபிளைப் பிரிண்டர் இரண்டு முறை அச்சடித்திருக்கிறது, நான் எண்ணிப் பார்க்காமல் வரிசையாக ஒட்டிக்கொண்டே போயிருக்கிறேன். 18 முதல் 24 வரை ஏழு போர்டும் தனக்கு முந்தின போர்டின் லேபிளைச் சுமந்துகொண்டிருந்தன. சாவி சரி, சான்றிதழ் சரி, கையொப்பம் சரி. ஆனால் எது எந்தப் போர்டு என்பதே பொய். கடைசியைச் சோதிக்காமல் முதல் ஐந்தை மட்டும் சோதித்திருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது. ஏணி மேல் நிற்பவருக்குத்தான் தெரிந்திருக்கும்.

இப்போது பெஞ்சில் கடைசிப் படி இதுதான்: லேபிளை ஒட்டிய பிறகு, ஒட்டிய லேபிளை ஸ்கேன் செய்ய வேண்டும். லேப்டாப் ஒரு தற்செயல் எண்ணைப் போர்டுக்கு அனுப்பும். போர்டு அதைத் தன் பிறப்புச் சாவியால் கையொப்பமிட்டுத் திருப்பும். லேபிளில் உள்ள எண்ணுக்கு நான் கொடுத்த சான்றிதழோடு அந்தக் கையொப்பம் பொருந்தினால்தான் பச்சை விளக்கு. அப்புறம்தான் பெட்டிக்குள் போகும். ஒரு போர்டுக்கு 15 விநாடி கூடுதல்.

சர்வர் பக்கம் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மாஸ்கிட்டோ என்ற எம்கியூடிடி சர்வர் மென்பொருளில் சான்றிதழ் கட்டாயம், சான்றிதழில் உள்ள பெயரே பயனர் பெயர், ஒவ்வொரு பயனரும் தன் பெயரில் உள்ள தலைப்பில், அதாவது செய்தி போய்ச் சேரும் முகவரியில், மட்டும் எழுதலாம். ஒரே ஒரு சிக்கல்: ஏழாம் எண் போர்டின் சான்றிதழைக் கொண்டு எட்டாம் எண்ணின் தலைப்பில் எழுதிப் பார்த்தேன், வெற்றி என்று வந்தது. தலையில் இடி. அரைமணி நேரம் விதிகளைப் புரட்டிய பிறகு, மறுபக்கம் செய்தி வந்ததா என்று பார்த்தேன். வரவில்லை. எம்கியூடிடி 3.1.1இல் அனுமதி இல்லாத செய்தியை மாஸ்கிட்டோ வாங்கிக் குப்பையில் போட்டுவிட்டு, வாங்கிக்கொண்டேன் என்று மரியாதையாகப் பதில் அனுப்பும். 5ஆம் பதிப்பில் 135 என்ற மறுப்பு எண் வரும். இப்படிச் சோதிக்கிறவர்கள் கேட்கும் பக்கத்தையும் திறந்துவைத்துக்கொள்ளுங்கள்.

காணாமல் போன ஒன்று

மேசையில் தங்கிவிட்ட ஒன்று போக, மீதி 23 போர்டையும் மாட்டி இரண்டு மாதம் ஆனது. ஒருநாள் 11ஆம் எண் தொட்டியில் கருவி இல்லை என்று போன் வந்தது. யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள் போல என்றார்கள். பழைய அமைப்பாக இருந்தால் அன்றே 23 தொட்டிக்கும் ஏறி எல்லாவற்றையும் மாற்றியிருக்க வேண்டும். இப்போது 11ஆம் எண்ணின் வேலைச் சான்றிதழை ரத்துப் பட்டியலில் சேர்த்தேன், பதிவு வாசலில் அதன் பெயருக்கு எதிரே இருந்த அனுமதியை எடுத்தேன். இரண்டு நிமிட வேலை.

ஆனால் 11ஆம் எண்ணிலிருந்து செய்தி வந்துகொண்டே இருந்தது. ரத்துப் பட்டியலைப் பார்ப்பது இணைப்புத் தொடங்கும்போது மட்டும்தான். ஏற்கெனவே திறந்த இணைப்பை அது தொடாது. சர்வரை நிறுத்தி மறுபடி ஓட்டினேன். 22 திரும்பி வந்தன. 11 வந்து கதவைத் தட்டியது, வெளியே தள்ளப்பட்டது, பதிவு வாசலுக்குப் போனது, அங்கேயும் மறுப்பு. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதே வரிகள் பதிவேட்டில் விழுந்துகொண்டிருந்தன.

அப்போதுதான் உறைத்தது. தட்டுகிறதென்றால் வைஃபையில் இருக்கிறது. வைஃபையில் இருக்கிறதென்றால் வளாகத்துக்குள்தான் இருக்கிறது. எந்த வைஃபை பெட்டி வழியாக வருகிறது என்று பார்த்தேன்: வாசல் பக்கத்துப் பெட்டி. அதற்குப் பக்கத்தில் இருந்த ஒரே அறை, பெயின்ட் அடிப்பவர்கள் சாமான் வைக்கும் அறை. தொட்டிக்கு வெள்ளை அடிக்கும்போது நனையாமல் இருக்கட்டும் என்று கழற்றி, துணியில் சுற்றி, பத்திரமாக அலமாரியில் வைத்திருக்கிறார்கள். கூரையைப் பார்த்தபடி 42 சென்டிமீட்டர் என்று அளந்துகொண்டிருந்தது.

திருப்பி மாட்டச் சொன்னேன். ரத்தான வேலைச் சான்றிதழை மீட்கப் போகவில்லை. பதிவு வாசலில் அனுமதியை மட்டும் போட்டேன். அடுத்த ஐந்தாவது நிமிடம் 11ஆம் எண் தன் பிறப்புச் சான்றிதழோடு வந்து நின்றது, புதுச் சாவி உருவாக்கியது, புது வேலைச் சான்றிதழ் வாங்கியது. அதற்கு அடுத்த வரியில் தொட்டியின் மட்டம்: 118 சென்டிமீட்டர்.